உங்கள் வரி ரசீதுதான் ஊருக்கு ஜாமீன்

(பருவநிலைத் திட்டங்களுக்குத் தனியார் முதலீடு பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பருவநிலைத் திட்டம், தனியார் முதலீடு என்றதும், "இது பெரிய கம்பெனிகள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று தோணும். ஆனா உங்க கையில இருக்கிற போனுக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

மழைநீர் வடிகால், ஏரி மீட்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சூரிய மின்சாரம். இத்தனைக்கும் அரசுப் பணம் மட்டும் போதாது. வங்கி, காப்பீட்டு நிறுவனம், மியூச்சுவல் ஃபண்ட், சாதாரண மக்களின் சேமிப்பு என்று வெளியில் பணம் இருக்கிறது. ஆனா யாரும் சும்மா கொடுக்க மாட்டாங்க. "கொடுத்த பணம் எங்கிருந்து திரும்பி வரும்?" என்று கேட்பாங்க. அதற்குப் பதில் வைத்திருக்கும் ஊருக்குத்தான் பணம் வரும்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரைப் பாருங்க. 70, 80 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற நர்மதையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பம்புகளுக்கு ஆகும் கரண்ட் பில்தான் மாநகராட்சிக்குப் பெரிய பாரம். அதைக் குறைக்க ஜலூத் கிராமத்தில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் போட முடிவு செய்தார்கள். 2023 பிப்ரவரியில் பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டினார்கள். வட்டி ஆண்டுக்கு 8.25 சதவீதம். தனிநபர்களும் 10,000 ரூபாயிலிருந்து விண்ணப்பிக்க முடிந்தது. தேவைக்கு மேல் பல மடங்கு விண்ணப்பம் வந்தது. காரணம் எளிது: மிச்சமாகும் கரண்ட் பில்லே கடனை அடைக்க உதவும்.

அதற்கு முன்பே, 2021-ல், உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் திட்டம் அது. அங்கேயும் வருமானம் கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, மழைநீர் வடிகாலுக்கு என்ன வருமானம்? வெள்ளம் வடிந்ததற்கு யாரும் பில் போட முடியாதே! ஆனா 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு, வடிகால்தான் முதல் தேவை. 2025 மே மாதம், கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி வடிகால் பணிக்காகச் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்ப் பத்திரம் வெளியிட்டது. இதுபோன்ற திட்டத்தில் முதலீட்டாளர் வடிகாலைப் பார்ப்பதில்லை; மாநகராட்சியின் வரி வருமானத்தைப் பார்க்கிறார். சொத்து வரி ஒழுங்காக வசூலாகிறதா, கணக்கு தணிக்கையாகிறதா, பழைய கடன் தவணை தவறாமல் போகிறதா? இதை வைத்துத்தான் தரமதிப்பீடு. மதிப்பீடு உயர்ந்தால் வட்டி குறையும். குறைந்த வட்டி என்றால் அதே பணத்தில் இன்னும் ஒரு தெருவுக்கு வடிகால்.

"எங்க ஊர் சின்ன ஊராச்சே?" என்று கேட்கலாம். அதற்கும் தமிழ்நாட்டிலேயே வழி காட்டியிருக்கிறோம். 2002-ல், குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காக 13 உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்த்து சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிடப்பட்டது. தவணை தவறினால் கொடுக்க ஒரு காப்பு நிதி ஒதுக்கப்பட்டது. அசலில் பாதிக்கு அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் உத்தரவாதம் தந்தது. தனியாகப் போனால் கதவு திறக்காத ஊர்களுக்கு, கூட்டாகப் போனதும் திறந்தது. இடரில் ஒரு பங்கை அரசு சுமந்தால் தனியார் பணம் துணிந்து வரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போ உங்க பங்குக்கு வருவோம்.

ஒன்று, சொத்து வரியைப் போனிலேயே நேரத்துக்குக் கட்டிடுங்க. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு.

இரண்டு, பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்க. "கடன் வாங்கினோமா? எந்த வேலைக்கு? எவ்வளவு முடிஞ்சது?" என்று கேளுங்க. வரி கட்டினவங்களுக்கு அது உரிமை.

மூன்று, நீங்களே பத்திரம் வாங்க நினைத்தால் கவனம். இது வங்கி டெபாசிட் இல்லை. டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. தரமதிப்பீட்டைப் படிங்க. செபியில் பதிவு பெற்ற தரகர் மூலம், உங்க டீமேட் கணக்கில் மட்டும் வாங்குங்க. "பசுமைப் பத்திரம், பணம் இரட்டிப்பு" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தொடவே தொடாதீங்க.

அடுத்த மழைக்கு முன்னால் உங்க தெருவில் வடிகால் வரணும்னா, ஊர்மேல் வெளியாளுக்கு நம்பிக்கை வரணும். அந்த நம்பிக்கையின் முதல் பக்கம் உங்க வரி ரசீது. இந்த அரையாண்டு வரி கட்டியாச்சா என்று இன்னைக்கே ஒருமுறை பார்த்துடுங்க.