ரிப்போர்ட் நார்மல், வயிற்று வலி நிஜம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உடல்நலப் பகுதியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பகுதியில் வழக்கமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது பலரும் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு தொல்லை. டாக்டர் சீட்டில் ஐ.பி.எஸ். என்று எழுதுவார். போலீஸ் அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். இது 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'. தமிழில் எரிச்சல் குடல் நோய் என்கிறார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன், டாக்டர் இல்லை. மருந்து சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோயின் அடையாளம் இதுதான். வயிற்று வலி அடிக்கடி வரும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு மாறி மாறி இரண்டும். இது மாதக்கணக்கில் தொடரும். இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் சிறப்புக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இது இருந்தது. 300 பேர் வசிக்கும் ஒரு குடியிருப்பில் இந்தக் கணக்குப்படி 12 பேர்.

அந்தப் பன்னிரண்டில் ஒருவர் விழுப்புரத்திலிருந்து தினமும் சென்னைப் பக்கம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் என்று வையுங்கள். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. திண்டிவனம் வரை தாங்குமா, அங்கே பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கணக்கு அவருக்குப் படுக்கையை விட்டு எழும்போதே ஆரம்பித்துவிடும். காலையில் சாப்பிடாமல் கிளம்புவார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட வரத் தயங்குவார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். உடனே வீட்டில் ஒரு வசனம் வரும்: "உனக்கு ஒண்ணுமில்லப்பா, எல்லாம் மனசுதான்." அந்த வசனம் தவறு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

வயிற்றுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு நம் மொழிக்குப் புதிதல்ல. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கெட்ட செய்தி கேட்டால் அடிவயிறு கலங்குகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். குடலின் சுவருக்குள்ளேயே பல கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மேலிருந்து கட்டளை கொண்டுவருபவை அல்ல. கீழிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை.

1973-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரிட்சி என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து 60 மில்லி அளவுக்குக் காற்றை நிரப்பினார். மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வலித்தது. இந்த நோய் உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது. அதே பலூன், அதே காற்று, ஆனால் உணர்வு வேறு.

பின்னாளில், மூளை வேலை செய்யும்போதே படம் எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. பலூனை நிரப்பிக்கொண்டே மூளையைப் பார்த்தார்கள். லக்னோவில் சஞ்சய் காந்தி மருத்துவ நிலைய வளாகத்து ஆய்வாளர்கள் ஆண் நோயாளிகளிடம் செய்த இத்தகைய ஆய்வு 2017-இல் வெளியானது. மற்றவர்களைவிட நோயாளிகளின் மூளையில் சில பகுதிகள் கூடுதலாக இயங்கின. வெளிநாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குதான். உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா, வலியின் வேதனையோடு தொடர்புள்ள சிங்குலேட், பயத்தைக் கையாளும் அமிக்டலா ஆகியவை அடிக்கடி பேசப்படும் பகுதிகள்.

இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை; வலைப்பின்னலாகச் சேர்ந்து இயங்குகின்றன. அவற்றில் ஒரு வலைப்பின்னலின் வேலை நம் கேட் செக்யூரிட்டியின் வேலை மாதிரி. வருகிற ஆயிரம் செய்திகளில் எது முக்கியம், எதை மேலே தெரிவிக்க வேண்டும் என்று பிரிப்பது. நல்ல செக்யூரிட்டி பால்காரரையும் பேப்பர் போடும் பையனையும் பேசாமல் விட்டுவிடுவார். இன்னொருவர் பூனை ஓடினாலும் இன்டர்காமில் அழைப்பார். ஐ.பி.எஸ். உள்ளவர்களிடம் இந்த இரண்டாவது ஆள் டியூட்டியில் இருக்கிறார். சாதாரண வாயு நகர்வதும் அபாயச் செய்தியாக மேலே போகிறது. அழைப்பு பொய்யல்ல, மணி உண்மையாகவே அடிக்கிறது. வலியும் அப்படித்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெண்களிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. வலி வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவித்ததும், ஆரோக்கியமானவர்களின் மூளை சில பகுதிகளின் வேகத்தைத் தானாகவே குறைத்து வலிக்குத் தயாரானது. நோயாளிகளிடம் அந்தக் குறைப்பு சரியாக நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே ஏன் வயிறு பிசைகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

"அப்படியானால் கவலைதானே காரணம்?" என்று கேட்பீர்கள். 2021-இல், 53,400 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்தார்கள். பதற்றத்துக்கும் இந்த நோய்க்கும் பொதுவான மரபணுக் கூறுகள் இருப்பது தெரிந்தது. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதைவிட, இரண்டுக்கும் வேர் ஓரளவு ஒன்று என்பதே அவர்கள் வந்த முடிவு. உலக வல்லுநர் குழுவும் 2016 முதல் இவற்றைக் 'குடல்–மூளைத் தொடர்புக் கோளாறுகள்' என்றே வகைப்படுத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன மூளைப் படங்கள் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. தனி ஒருவருக்கு மூளை ஸ்கேன் எடுத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். குடல் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான். பாண்டிச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. முதலில் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு.

சிகிச்சைக்கு வருவோம். சிலருக்கு வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் போன்றவற்றைக் கொஞ்ச காலம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது பலன் தருகிறது. உணவு ஆலோசகர் துணையோடு செய்யுங்கள். சாம்பாரை ஆயுள் முழுக்க விட வேண்டியதில்லை. டெல்லி எய்ம்ஸில் வயிற்றுப்போக்கு வகை நோயாளிகளிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில் (2004), 2 மாத யோகா வழக்கமான மருந்தளவுக்குப் பலன் தந்தது. மனநல ஆலோசனை மூலம் அந்த செக்யூரிட்டிக்குப் புதுப் பயிற்சி தரவும் முடிகிறது.

டாக்டர் சில சமயம் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தருவார். கூகுளில் தேடினால் மனச்சோர்வு மருந்து என்று வரும். "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?" என்று பயந்து குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சிறு அளவு வலியின் பாதையைத் தணிப்பதற்காக. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாத முடிவில் வெற்று மாத்திரையைவிட இது நன்றாகவே வேலை செய்தது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் கொடுத்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

சங்கத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகும் சிலருக்கு ஐ.பி.எஸ். தங்கிவிடுகிறது. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை 8 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அன்று நோய்ப்பட்டவர்களிடம் இந்தத் தொல்லை மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. ஆகவே சம்ப்பையும் மொட்டை மாடித் தொட்டியையும் கழுவும் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தச் செலவுக்கு முணுமுணுக்கும்போது வாக்கர்டனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "ரிப்போர்ட்தான் நார்மல் ஆச்சே" என்று சொல்லாதீர்கள். குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. வலி இல்லை என்று அது சொல்லவில்லை. "வலி இருக்குன்னு தெரியுது, டாக்டரைப் பார்த்துப் பேசலாம்" என்று சொல்லுங்கள். பயணம் போனால் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்கும்போது முகம் சுளிக்காதீர்கள். நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை இருந்தாலே சில நாள் நிறுத்த வேண்டிய தேவையே வராது.