சேட்டிலைட்டுக்கு ஒண்ணும் ஆகல, மோடம்தான் போச்சு

இன்னைக்கு ஒரு மோடம் கதை. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மேல ரஷ்யா படையெடுத்த நாள். உக்ரைன் ராணுவமும் பயன்படுத்திய வயாசாட்டின் செயற்கைக்கோள் இணையம் விடியற்காலையிலேயே படுத்துருச்சு. மேலே இருந்த சேட்டிலைட்டை யாரும் தொடவில்லை. சரியாக கான்ஃபிகர் செய்யாத ஒரு விபிஎன் வழியாக நுழைந்தவர்கள், நெட்வொர்க்கை நிர்வகிக்கிற அதே பாதையில் கட்டளை அனுப்பி, பல்லாயிரம் மோடம்களின் ஃபிளாஷ் மெமரியை அழித்தார்கள். ரீஸ்டார்ட் பண்ணாலும் எழுந்திருக்காது. நாம எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்துல அப்டேட் தள்ளுவோமே, அந்த வசதிதான் இங்க ஆயுதம். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளை தூரத்திலிருந்து கண்காணிக்கும் இணைப்பும் சேர்ந்தே அறுந்தது. காற்றாலைக்கும் போருக்கும் என்னங்க சம்பந்தம்!

சில நாட்களிலேயே ஸ்டார்லிங்க் டெர்மினல்கள் வந்திறங்கின. ஏராளமான சின்ன சேட்டிலைட்டுகள், ஒண்ணு போனா இன்னொண்ணு. நல்ல டிசைன்தான். ஆனா சுவிட்ச் மொத்தமும் ஒரே கம்பெனி கையில. இதை என்னால ரிடண்டன்சின்னு ஒத்துக்க முடியல. ரேடியோ, ஃபைபர், வேற நிறுவனத்தின் சேட்டிலைட், எது உயிரோட இருக்கோ அதுல செய்தி தாவிப் போகணும். அதுக்கு எல்லாப் பெட்டியும் ஒரே புரோட்டோகால் பேசணும். போட்டியாளர் பெட்டியோட பேசுறேன்னு எந்த வெண்டரும் தானா வந்து சொல்ல மாட்டார். டெண்டர்லயே எழுதி வாங்கணும்.