கோட்டைக்குள் சிக்கிய அரசன்

எங்கள் கல்லூரிச் சதுரங்கக் கழகத்துக்குச் சில காலம் நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். தமிழாசிரியனுக்குச் சதுரங்கத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பொறுப்பேற்க வேறெவரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். நானறிந்த சில விதிகளை மாணவர்க்குச் சூத்திரம்போல் மனனம் செய்வித்தேன். அவற்றுள் முதலாவது, 'விரைந்து கோட்டை கட்டு' என்பது. அரசனை இரண்டு கட்டம் நகர்த்தி, மூலையிலுள்ள கோட்டையை அவனுக்கு மறுபுறம் கொண்டுவந்து காவல் வைக்கும் நகர்வு அது.

ஒரு போட்டியில் எங்கள் மாணவன் ஒருவன் அவ்வாறே செய்தான். எதிராளியின் படை திரண்டு நின்ற பக்கத்திலேயே அரசனைக் குடியேற்றினான். பத்து நகர்வுக்குள் ஆட்டம் முடிந்தது. வெளியே வந்தவன், "சேர், கோட்டை கட்டச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை.

அதன் பின்னரே, 1912 இல் இலண்டனில் எட்வேர்ட் லஸ்கரும் ஜோர்ஜ் தோமசும் ஆடிய ஆட்டத்தைப் படித்தேன். பட்மின்டன் ஆட்டத்தின் தோமஸ் கிண்ணம் இந்தத் தோமசின் பெயராலேயே வழங்குகிறது. கறுப்புக் காய்களுடன் ஆடிய அவர், எட்டாவது நகர்வில் அரசன் பக்கமாகக் கோட்டை கட்டினார். அப்பக்கத்தைக் காக்கவேண்டிய குதிரை முன்னரே வெட்டுண்டிருந்தது. வெள்ளைக் குதிரைகள் இரண்டும் நடுக்களத்தில் நின்றன. பதினோராவது நகர்வில் லஸ்கர் தம் அரசியையே பலிகொடுத்து, அரசனுக்கு முன்னின்ற காலாளை வெட்டினார். அரசியை வெட்டப் புறப்பட்ட கறுப்பரசன் மீண்டும் வீடு திரும்பவில்லை. ஒவ்வொரு நகர்விலும் விரட்டப்பட்டு, பலகையைக் கடந்து, எதிரியின் கடைசி வரிசைவரை நடந்து, பதினெட்டாவது நகர்வில் அங்கேயே அகப்பட்டான்.

அந்த இறுதி அடியை லஸ்கர் தம் அரசனை ஒரு கட்டம் நகர்த்திக் கொடுத்தார். கோட்டை கட்டியும் அதே முடிவைக் கண்டிருக்கலாம் என்பதுதான் வேடிக்கை! ஒருவர்க்குப் பொறியான நகர்வு மற்றவர்க்கு வாளாகவும் ஆகியிருக்கும்.

புணர்ச்சி விதி படிப்பிக்கும்போது விதிவிலக்கையும் சேர்த்தே சொல்பவன் நான். சதுரங்கத்தில் அதை மறந்துவிட்டேன். 'கோட்டை கட்டு' என்றேனேயன்றி, 'எந்தப் பக்கம், எந்த வேளையில், யார் காவலில்' என்று கேட்கப் பழக்கவில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்த விதி, பிள்ளையின் கையில் கண்ணில்லாத விளக்கு.

அடுத்த வாரம் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டி, "தம்பி, பிழை என்னுடையது" என்றேன். அவன் காய்களைத் திரும்ப அடுக்கிவிட்டு, "சேர், இன்னொருக்கா ஆடுவமா?" என்றான்.