புது வீட்டுச் சமையற்கட்டைத் திட்டமிடுவோம்

(ஜொகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சமையற்கட்டு. இது பெண்களுக்குரிய பேச்சு என்று எண்ணி எழுந்து செல்ல முனையும் ஆண்கள் தயவுகூர்ந்து அமரவேண்டும். வீடு கட்டும்பொழுதும் புதுப்பிக்கும்பொழுதும் கொத்தனாரிடம் நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். ஆகவே இவ்வுரை முதற்கண் உங்களுக்கே உரியது.

பல்லாண்டுகள் லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல, குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் போன்ற ஊர்ப்புறங்களில் சொந்த வீடு தேடிச் செல்வதைக் காண்கிறோம். மகிழத்தக்க செய்தி இது. ஆனால் அவ்வீட்டிற்குச் செலவாகும் பணம் எத்தகையது? ஊழியர் சேமநிதியில் துளித்துளியாகச் சேர்ந்த பணம். கூட்டுக் கட்டி மீத்த பணம். வாழ்நாளில் ஒருமுறைதான் அது கைக்கு வரும். வாசலின் நிறம் பிடிக்காவிட்டால் மறு தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம். சிமெந்தில் எழுப்பிய சமையல் மேடை தவறாகப் போனால், அதை உடைத்துக் கட்டப் பணம் இராது. அத்தவற்றை ஒரு பெண்ணின் முதுகும் கால்களும் முப்பது ஆண்டுகள் சுமக்க நேரிடும்.

நிரையில் கற்ற பாடம்

நல்ல சமையற்கட்டின் இலக்கணம் யாது? அதை நீங்கள் முன்னரே அறிவீர்கள். நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டும் ஒருவர் தோட்டத்திற்குள் எவ்வாறு நடக்கிறார்? ஒரு நிரையில் வெட்டிக்கொண்டே சென்று, மறு நிரையில் வெட்டிக்கொண்டே திரும்புகிறார். வெறுங்கையோடு ஒரு நடையும் நடப்பதில்லை. உளி கையில் இருக்கும். கல் இடுப்பில் இருக்கும். உளி தீட்டுவதற்காக எவரும் வீட்டிற்கு ஓடுவதில்லை.

அதே பெண்மணி விடியற்காலை நான்கு மணிக்குத் தம் சமையற்கட்டில் என்ன செய்கிறார்? அரிசி ஒரு மூலையில், தண்ணீர்க் குழாய் பின்வாசலுக்கு வெளியே, அடுப்பு மறுமூலையில், உப்பும் புளியும் நடுவீட்டு அலமாரியில். பிரட்டுக்குப் புறப்படுமுன், பசியாறலுக்கும் மதியச் சோற்றுக்குமாக இந்நான்கு இடங்களுக்கிடையே எத்தனை முறை நடக்கிறார் என்பதை யாரேனும் எண்ணியதுண்டா? மரநிரையில் வீணாகாத நடை, வீட்டினுள் வீணாகிறது.

இதை எண்ணிப் பார்த்த ஒருவரைப்பற்றிக் கூறுகிறேன். வியன்னா நகரைச் சேர்ந்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், 1926-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் எழுந்த மலிவு விலைக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையற்கட்டை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறேகால் அடிக்குப் பதினொரு அடி. அவர் மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று, இரயில் வண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள மிகச் சிறிய சமையலறை. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, பொருள்களைக் கைக்கெட்டும் தூரத்தில் அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அச்சமையற்கட்டு இடம்பெற்றது. உழைக்கும் வர்க்கத்துக் குடும்பத்திற்கு இடம் சிறிதாக இருக்கலாம். ஒழுங்கு சிறிதாக இருத்தலாகாது என்பதே அதன் பாடம்.

மூன்று இடங்கள்

சமையற்கட்டில் முதன்மையான இடங்கள் மூன்று. ஒன்று, பொருள் வைக்கும் இடம். இதில் அரிசித் தோம்பும் ஐஸ் பெட்டியும் அடங்கும். இரண்டு, கழுவும் தொட்டி. மூன்று, அடுப்பு. பொருளை எடுத்து, கழுவி, நறுக்கி, சமைத்து, பரிமாறுவதே வேலையின் வரிசை. மேடையின் மீதும் இவ்வரிசையே அமைதல் வேண்டும். கழுவும் தொட்டிக்கும் அடுப்பிற்கும் நடுவே, நறுக்குவதற்கென மூன்று அடி இடமாவது விடுங்கள்.

இம்மூன்று இடங்களையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்தனர். அதன் வழிவந்த கணக்கு இது: முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும், மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் நன்று. இடம் குறுகியதாயின் ஒரே சுவரில் வரிசையாக அமைக்கலாம். மூலை கிடைத்தால் இரு சுவர்களை ஒட்டி ‘ட’ எழுத்தைப்போல் மேடை கட்டுவது நம் வீடுகளுக்குப் பெரிதும் ஏற்றது. பின்வாசலுக்குச் செல்லும் வழி மட்டும் இம்முக்கோணத்தின் குறுக்கே செல்லலாகாது. கொதிக்கும் சட்டியோடு தாய் திரும்பும் வேளையில் பிள்ளை குறுக்கே ஓடுமாயின், விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை.

உயரம் யாருடையது?

இங்கு என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வீடு கட்டியபொழுது, மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கப்படியே விட்டுவிட்டேன். பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த என் தாயார் குள்ளமானவர். புது மேடையின் முன் தோள்களைத் தூக்கிக்கொண்டு நின்றுதான் அவரால் காய் நறுக்க முடிந்தது. மூன்றாம் நாளே கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு பின்வாசற்படியில் அமர்ந்துவிட்டார். "எனக்கு இதுதான் பழக்கம்" என்றார். பழக்கமன்று, நான் அளவு கேட்கவில்லை என்பதே உண்மை.

ஆகவே சமைப்பவரை நிற்கச் செய்து அளவெடுங்கள். கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்திலிருந்து நான்கு அல்லது ஐந்து அங்குலம் கீழே மேடை அமையவேண்டும். அடுப்பு வைக்கும் பகுதியை அடுப்பின் உயரத்திற்கேற்ப இன்னும் தாழ்த்துங்கள். இல்லையேல் பெரிய சட்டியைக் கிளறத் தோள் நோகும். மேடையின் அகலம் இரண்டு அடி போதும். மேடைக்கு முன்னே நடக்க மூன்றரை அடியேனும் விடுங்கள். ஆட்டுக்கல்லோ மாவரைக்கும் இயந்திரமோ நிலையாக நிற்கும் இடத்தையும் இப்பொழுதே குறித்துவிடுங்கள்.

தீ, புகை, வெள்ளம்

விறகடுப்பை இன்றும் பயன்படுத்துவோர் அதனைக் கூரையிட்ட பின்புறத் திண்ணையில், காற்று வெளியேறும் பக்கத்தில் வைக்கவேண்டும். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியாக உட்கொள்வோர் பெண்களும், அவர்தம் மடியிலிருக்கும் குழந்தைகளுமே.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே தோம்பை மூடிய அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். தரையருகேயும் காற்றுப் போக்கிற்கு வழி விடுங்கள். இரப்பர்க் குழாயைச் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. வாயு நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாமல், தோம்பை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

நம் மாநிலத்தில் வெள்ளத்தையும் மறத்தலாகாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்கள் மூழ்கியதையும், 2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். தாழ்ந்த பகுதியில் வீடு அமைந்தால், மரத்தூள் பலகை அலமாரியைத் தரையோடு வைக்காதீர்கள். ஒருமுறை நீர் ஏறினால் அது ஊறிப் பருத்துவிடும். கீழ்ப்பகுதியைச் செங்கல்லால் கட்டி ஓடு பதியுங்கள், கறையானும் அண்டாது. மின் பிளக்குகளை மேடைக்கு மேலேயே பொருத்துங்கள். தொட்டியின் அருகில் வேண்டா.

சட்டம் அறிவோம்

தொடர்வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டுவதற்கு முன் நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெறவேண்டும். பெறாமல் கட்டி, பிறகு இடிக்க நேர்ந்தால் சேமநிதிப் பணம் மண்ணாகிப் போகும்.

இன்னும் தோட்ட வீட்டில் வசிப்போரும் உள்ளீர்கள். தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், குழாய் நீர், மின்சாரம், வீட்டுப் பழுதுபார்ப்பு ஆகியவற்றை முதலாளியின் கடமைகளாக வைத்துள்ளது. தொட்டி உடைந்தாலோ கூரை ஒழுகினாலோ நிருவாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள்.

சுண்ணக்கட்டி போதும்

நிறைவாக ஒன்று. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். சுண்ணக்கட்டியின்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். கொத்தனாரை அழைக்குமுன், மண்டபத் தரையிலோ வீட்டு முன்றிலிலோ, புதுச் சமையற்கட்டை அதன் முழு அளவிலேயே சுண்ணக்கட்டியால் வரையுங்கள். அடுப்பிற்கு ஓர் அட்டைப் பெட்டி, தொட்டிக்கு ஓர் அலுமினிய வாளி, ஐஸ் பெட்டிக்கு ஒரு நாற்காலி வையுங்கள். சமைப்பவரை அழைத்து, விடியற்காலை வேலை முழுவதையும் அங்கே செய்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அடிகளை எண்ணட்டும். வழி இடித்தால் கோட்டைக் காலால் அழித்து மீண்டும் வரையுங்கள். கோட்டை அழிக்கக் காசு வேண்டியதில்லை. சிமெந்தை அழிக்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும்.

ஒரு வேளைக்கு ஐம்பது அடிகள் மிச்சமானாலும், அந்தத் தாய்க்கு விடியலில் சற்று நேரம் கூடுதலாக உறக்கம் கிடைக்கும். சொந்த வீடு அவருக்கு அளிக்கும் முதற் பரிசு அதுவாக இருக்கட்டும்.