ஊரமைப்புக் கல்வியும் நம் இளைஞரும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் கால் நூற்றாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் இதுவரை அதிகம் நாடாத ஒரு படிப்பைப் பற்றிப் பேச விழைகின்றோம். மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றை நாம் அறிவோம். நகர, வட்டாரத் திட்டமிடல் என்னும் படிப்பை அறிந்தோர் நம்மிடையே சிலரே. சாலை எவ்வழிச் செல்ல வேண்டும், குடிநீர்த் தொட்டி எங்கே நிற்க வேண்டும், வீடுகளுக்கு எவ்விடம், ஆலைக்கு எவ்விடம் என்பனவற்றை ஆய்ந்து வரையும் கல்வி அது.

இதனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் வாழ்விடத்தையே எண்ணிப் பாருங்கள். ஊர் ஓரிடம், சேரி ஓரிடம் என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978-ஆம் ஆண்டு தமிழகத்தில் தனிச்சட்டம் வந்தது. அதன் பயனாய்ப் பல குடும்பங்கள் மனை பெற்றன; அதை நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் பல இடங்களில் அம்மனைகள் மீண்டும் ஊருக்கு அப்பாலேயே அமைந்தன. மனை கிடைத்தது, விலகியிருக்கும் நிலை மாறவில்லை. வரைபடம் விரித்த மேசையருகே நம்மவர் இல்லாததே இதற்கு ஒரு காரணம்.

நாம் கூடியிருக்கும் இந்தச் சேர்வராயன் மலையையே பாடமாகக் கொள்வோம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின. மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்த மலைக்குக் கூலி வேலை தேடிக் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தோரில் நம்மவரும் உண்டு. இன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர் ஏரியையும் பூங்காவையும் கண்டு திரும்புகின்றனர். அவர்கள் காணாத ஏற்காடும் உண்டு. தோட்டம் விற்கப்பட்டு விடுதியாக மாறும்போது, தோட்டத்து வீட்டில் தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளி எங்கே போவார்? இக்கேள்வியைத் திட்டத்தில் எழுதுவோர் வேண்டும்.

மலையின் கதை மலையோடு முடிவதில்லை. சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலையில் பிறக்கிறது. இங்கே காடு அழிந்தால் அங்கே கிணறு வற்றும். இம்மலையில் வெட்டிய பாக்சைட், அணையும் மின்சாரமும் உள்ள மேட்டூருக்குச் சென்று அலுமினியமாயிற்று. 2008-இல் அந்த உருக்காலை நின்றபோது, சுரங்கத்தை நம்பிய கூலியாளின் அடுப்பும் அணைந்தது. ஆறும் ஆலையும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஒருங்கே காண்பதே வட்டாரத் திட்டமிடல். மலைப்பகுதிகளில் கட்டடங்களை நெறிப்படுத்த 1990-இல் தனி ஆணையமும் அமைக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, அதைப் படித்துக் கேள்வி கேட்கும் நம்மவர் வேண்டும்.

மேலைநாட்டு நகரத்தின் படத்தை அப்படியே இங்கு ஒட்டினால் பொருந்தாது. நம் நகரங்கள் திட்டத்தை முந்திக்கொண்டு வளர்கின்றன. பட்டாவின்றி வாழ்வோர் பலர். இதை உணர்ந்தவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். இட்லரின் ஆட்சியால் செர்மானியத் தாயகத்தை இழந்து, மைசூர் அரசில் கட்டடக் கலைஞராகப் பணி செய்தார். பின்னர் நடுவண் அரசில் வீட்டு வசதி இயக்குநராக, பிரிவினையில் அகதிகளானோரின் இன்னலை நேரில் கண்டார். இங்குப் பெற்ற பட்டறிவைக் கொண்டே இலண்டனில் வளரும் நாடுகளுக்கான திட்டமிடல் கல்வியை வளர்த்தார். 1971 முதல் அப்பிரிவு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயங்கி வருகிறது.

நமக்கோ இத்துறை அயலானதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிகோலினார். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகியவற்றை ஒரே திட்டமாகக் கண்டார். சட்டமேதையை நாம் போற்றுகின்றோம்; திட்டமேதையையும் அறிதல் வேண்டும்.

இனி வழியைக் கூறுவோம். இளநிலைப் படிப்பாகிய பி.பிளான் சேர மேனிலை வகுப்பில் கணிதம் வேண்டும். கணிதத்திற்கு அஞ்சி நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வேறு பிரிவுக்கு ஒதுங்குவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். பெற்றோர்களே, அந்த ஒதுக்கத்துக்கு உடன்படாதீர்கள்! தில்லி, போபால், விசயவாடா நகரங்களில் உள்ள நடுவண் அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் திட்டமிடலுக்குரிய தாளை எழுத வேண்டும். புவியியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை பயின்றோர்க்கும் முதுநிலைத் திட்டமிடல் படிப்பில் இடமுண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் முதுநிலைப் படிப்பு உள்ளது. 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையும், 1954-55 முதல் வழங்கப்பெறும் அயல்நாட்டு உதவித்தொகையும் நமக்கு உரியவை. நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் பணிக்குத் தேர்வாணையத்தின் வழி செல்லலாம்.

மாணவர்களே, இவ்விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் குடியிருப்பை வரையுங்கள். குழாய் எங்கே, தெருவிளக்கு எத்தனை, பள்ளிக்கு எத்தனை அடி நடை, இடுகாட்டுக்குப் பாதை உண்டா என்று குறியுங்கள். பிறகு ஊரின் மறுபாதியையும் அதே தாளில் வரையுங்கள். இரண்டையும் பார்த்தபின் எதைப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும். நம்மை எங்கே வைப்பது என்று பிறர் கோடு கிழித்த காலம் போதும். இனிக் கோல் நம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.