சுடுகாட்டு மல்லியும் தனித் தம்ளரும்

(அம்பத்தூரில் பேசியது)



புற்றுநோய் கண்ட ஒருவருக்குக் கீமோ என்கின்ற மருந்து ஏற்றப்படுகிற காலத்தில், வீட்டாரும் சிநேகிதர்களும் எப்படி நடந்துகொள்ளுகிறார்கள் என்பதைப் பற்றியே இன்று பேசுவதாயிருக்கிறோம். இது வைத்தியர் பேசவேண்டிய விஷயமல்லவா, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மருந்தை வைத்தியர் பார்த்துக்கொள்ளுவார். ஆனால் நோயாளியின் வாசலில் நின்று “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று சொல்லிவிட்டுப் போகிறவனை வைத்தியர் என்ன செய்ய முடியும்? அது நம்முடைய வேலைதான்.

பாவத்தால் வருவது என்கிறார்கள். 1886-ல் ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றால் இறந்தார். 1950-ல் ரமணர் கையில் வந்த புற்றால் இறந்தார். நமது அண்ணா 1968-ல் நியூயார்க்குக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்தும் 1969 பிப்ரவரி 3-ந் தேதி நம்மை விட்டுப் போனார். இவர்களெல்லாம் எந்தப் பாவத்துக்குத் தண்டனை அடைந்தார்கள்? இரண்டு வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்று வருகிறதே, அது என்ன பாவம் செய்தது? முன் ஜென்மத்தில் என்பார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுவது இந்நாட்டில் பழைய வியாபாரம்.

அக்குழந்தையைப் பிழைக்க வைக்கிற மருந்துகளில் ஒன்று எதிலிருந்து வந்தது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நாம் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லிச் சுபகாரியத்துக்கு ஆகாது என்று தள்ளினோம். 1958-ல் கனடா தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அதன் இலையைச் சோதித்துப் புற்றை அடக்கும் சத்தைப் பிரித்தார்கள். பிறகு அதே செடியிலிருந்து எடுத்த இன்னொரு சத்துத்தான் இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஏற்றப்படுகிறது. சகுனம் பார்த்தவனுக்குச் சுடுகாடு தெரிந்தது. சோதித்தவனுக்கு மருந்து கிடைத்தது.

இம்மருந்துகள் வேகமாகப் பெருகுகிற அணுக்களைத் தாக்குகின்றன. புற்றணு அப்படிப் பெருகுவது. தலைமயிரின் வேரும், வாயின் உட்தோலும், எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமும் அப்படியே. ஆகவே பலருக்கு மயிர் உதிருகிறது, வாய் புண்ணாகிறது, ரத்தத்தில் வெள்ளை அணு குறைகிறது. வைத்தியம் முடிந்தால் பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் மயிர் முளைத்துவிடும்.

ஆனால் அந்தச் சில மாதம் ஒரு பெண்ணை நாம் என்ன பாடு படுத்துகிறோம்! திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் பக்தி. பிழைப்பதற்காக மருந்தில் மயிர் போனால் அபசகுனமாம். கலியாண வீட்டில் முன்னே வரக்கூடாதாம். தாலியறுத்த பெண்ணின் தலையைச் சிரைத்து மூலையில் வைத்த அதே புத்தி இன்னும் போகவில்லை. சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வேறு. புற்றுநோய் கூட உண்பதால் ஒட்டுகிற நோயே அல்ல. டீக்கடையில் இரட்டைத் தம்ளரை எதிர்த்தவன் தன் மனைவிக்கு ஒரு தனித் தம்ளரை ஒதுக்கினால் அவன் எதை எதிர்த்தான் என்று கேட்கிறோம்.

மற்றொன்று. ஆண்பிள்ளைக்கு நோய் வந்தால் மனைவி இரவும் பகலும் பக்கத்தில் இருக்கிறாள். மனைவிக்கு வந்தாலோ, மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாளே அவள்தான் அடுப்பு மூட்டுகிறாள். இல்லாவிட்டால் தாய் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கஞ்சி காய்ச்ச எந்த ஆணுக்கும் கை போதாமல் போய்விடவில்லை. ஆவடியில் நாமறிந்த ஒரு தொழிலாளி, பெண்டாட்டியின் வைத்தியத்தின்போதுதான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் குழைந்ததாம். வாயெல்லாம் புண்ணாயிருந்த அந்த அம்மையாருக்கு அதுவே சௌகரியமாய்ப் போயிற்று!

அவருடைய சிநேகிதர்கள் செய்ததையும் சொல்லவேண்டும். மருந்து ஏற்றுவது அவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தரம். ஒருவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு விடியற்கால மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை கூடப் போவார். ஒருவர் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். இன்னொருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி வருவார். “தைரியமாயிரு” என்று ஒருவரும் உபதேசம் செய்யவில்லை. நோயாளி அழுதால் அழவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்து ஏற்றியபின் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணு மிகக் குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அப்போது அன்பைக் காட்ட வீட்டுக்குள் போகவேண்டாம். மற்றவர்கள் சோப்பால் கை கழுவிவிட்டுப் போகவேண்டும். திருவேற்காட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ கொண்டுவந்த தீர்த்தத்தை வாயில் ஊற்றவேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி கண்டால் வேப்பிலை கட்டிக் காத்திராமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சில மணி நேரத் தாமதத்தால் உயிர் போய்விடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தமது தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவரும் அவரே. தங்கையின் சாவை விதி என்று விட்டுவிடாமல் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கையுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பூந்தமல்லியிலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பேரால் சர்க்கார் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரிலும் ராயப்பேட்டையிலும் சர்க்கார் வைத்தியம் உண்டு. ஆகவே வைத்தியத்துக்கு இடமில்லை என்று சொல்ல வழியில்லை. கூடப் போகிறவர்தான் குறைவு.

கூட்டம் கலையுமுன் ஒரு வேண்டுகோள். வருகிற செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி அம்மையார் ஒருவருக்கு மருந்து ஏற்றுகிற நாள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும். வர இசைகிறவர் மேசையருகில் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் பெயரைக் கொடுக்கவும். காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட வேண்டியிருக்கும்.