புற்றுக்காக எடுத்த படத்தில் புலப்படும் நாளங்கள்



ஈரல் புற்றுநோய் கண்டவரின் உயிருக்கு அந்தப் புற்றொன்றே எமன் என்று உற்றாரும், சிற்சில சமயம் வைத்தியர்களுமே எண்ணியிருக்க, கட்டி சிகிச்சைக்கு இணங்கிச் சுருங்கிவரும் நாளிலேயே உணவுக்குழாயின் அடியில் புடைத்திருந்த நாளமொன்று வெடித்து, இரத்த வாந்தியால் ஒரே இரவில் அவர் நம் கையை விட்டுப் போய்விடுகிற துயரத்தை இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலரும் கண்டிருப்பீர்கள். அம்மரணங்களில் ஒரு பகுதியையேனும் தடுக்க இயலும் என்ற திடமான நம்பிக்கையோடுதான் இக்கருத்தரங்கின் தலைமையை ஏற்றிருக்கிறேன்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுசேர்க்கும் போர்ட்டல் சிரைக்கும், ஈரலை விட்டு இரத்தம் வெளியேறும் சிரைக்கும் இடையேயுள்ள அழுத்த வித்தியாசம் ஆரோக்கிய நிலையில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டுவதில்லை. சிரோசிஸினால் ஈரல் இறுகி அது 10-ஐ எட்டும்போது, வழியடைபட்ட இரத்தம் இரைப்பையின் இடது சிரை வழியே பின்னோக்கித் திரும்பி, உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களை வேரிசஸாகப் புடைக்கச் செய்கிறது. 12-ஐ எட்டிவிட்டால் அவை வெடிக்கும் அபாயமும் உடன் வந்துவிடுகிறது. புற்றே போர்ட்டல் சிரைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளுமாயின், வருஷக்கணக்கில் ஏறவேண்டிய அழுத்தம் குறுகிய காலத்தில் ஏறிவிடும். ஆகவேதான், ஈரலின் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைந்தும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டும் இருப்பவருக்கு எண்டோஸ்கோப்பி அவசியமில்லை என்று 2015-இல் இத்தாலியின் பவேனோ நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த விதியைப் புற்று கண்டவருக்கு அப்படியே பொருத்திவிட முடிவதில்லை.

ஆனால் அவரிடம் வேறொரு சாட்சியம் இருக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு 1971-இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படமெடுத்த அந்தச் சி.டி. கருவியின் வழிவந்த இன்றைய இயந்திரத்தில், தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து சிரைக் கட்டத்தில் மங்கும் குணத்தைக் கொண்டே, திசு எடுக்காமலேயே, இப்புற்றை நாம் நிர்ணயிக்கிறோம். நாளங்களைத் துலக்கிக் காட்டும் மருந்து ஏறி 60 முதல் 80 விநாடிகளுக்குள் பிடிக்கப்படும் அந்தச் சிரைக் கட்டப் படத்தில், போர்ட்டல் சிரையோடு வேரிசஸும் வெண்மையாகத் துலங்குகின்றன. எண்டோஸ்கோப்பிக்கு எட்டாத, உணவுக்குழாய்க்கு வெளியே ஓடும் நாளங்களும், இரைப்பை மேற்பகுதியிலிருந்து இடது சிறுநீரகச் சிரைக்குச் செல்லும் குறுக்குவழியும்கூடப் புலனாகின்றன. இரைப்பை வேரிசஸை இரத்தக்குழாய் வழியே சென்று அடைக்க முற்படுபவருக்கு அந்த வழியை முன்னரே அறிந்திருப்பதினும் பெரிய துணை வேறில்லை. இத்தனையும் நோயாளி சில மாதங்களுக்கு ஒருமுறை எப்படியும் எடுத்துக்கொள்கிற படத்திலேயே, தனிச் செலவோ தனி வேதனையோ இன்றிக் கிடைக்கின்றன. எனினும் கட்டியின் அளவை மட்டும் எழுதி, நாளங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் அறிக்கையை முடிக்கும் வழக்கம் நம்மிடையே நீடிப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சி.டி.க்குரிய எல்லையையும் மறைக்கலாகாது. வெடிக்கப்போகும் நாளத்தின் மேல் தோன்றும் செந்நிறக் குறிகளை அது காட்டாது; சிறிய நாளங்கள் அதன் கண்ணுக்குத் தப்பக்கூடும்; ரப்பர் வளையம் இட எண்டோஸ்கோப்பியே வேண்டும். அதை முதலில் யாருக்குச் செய்வது என்பதைத் தெரிவிப்பதே சி.டி.யின் பணி என்பது என் அபிப்பிராயம். அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஆகிய இரு மருந்துகளின் கூட்டுப் பலனை 2020-இல் நிறுவிய ஆராய்ச்சியிலும், இரத்தப்போக்குக்கு அஞ்சி, முந்தைய ஆறு மாதங்களுக்குள் எண்டோஸ்கோப்பி செய்திருக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். எண்டோஸ்கோப்பிக்கு வரிசையில் காத்திருக்கும் நோயாளியின் கையிலுள்ள சி.டி. படத்தில் பெரிய நாளம் தெரிந்தால், அவரை வரிசையின் முன்னே கொண்டுவருவது நம் கடமை.

ஆகவே, ஒவ்வொரு அறிக்கையிலும் மிகப் பெரிய நாளத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எழுதும் முறையை இன்றே ஏற்கவேண்டும் என்று கதிரியக்க நிபுணர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த அளவுக்கு மேற்பட்டால் எண்டோஸ்கோப்பிக்குக் காத்திராமல், போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மருந்தைத் தொடங்கலாம் என்பதை முற்பகல் அமர்வு முதலில் விவாதிக்கட்டும்.